கிட்டார் கேள்வி – பதில்: தினமும் வாசிக்கிறேன், ஏன் முன்னேறவில்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: எதைப் பயிற்சி செய்வது, எவ்வளவு நேரம் செய்வது. அதனால் எந்த கிட்டார் வாங்கலாம் என்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, பயிற்சி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வலக்கையால் மீட்டி இடக்கையால் அழுத்துபவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. கழுத்தில் பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கிற கட்டங்கள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு கார்ட், சி, ஜி, எஃப் என்பவை அவற்றின் பெயர்கள்.

கிட்டார் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏழெட்டுப் பாட்டு வாசிக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் எப்படி வாசித்தேனோ அப்படியேதான் இன்றும். எங்கே தப்பு சார்?

அந்த ஒரு மணி நேரமும் பாட்டு வாசிப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது, பயிற்சிக்கு நேரமே மிஞ்சவில்லை. ஒரு பாட்டு நான்கு நிமிடம் என்றால் அதில் உங்கள் கை தடுமாறுகிற இடம் எல்லாம் சேர்த்தாலும் பத்து வினாடிகூட இருக்காது, மிச்சம் முழுக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஐந்து முறை முழுப் பாட்டையும் வாசித்தால் இருபது நிமிடம் போய்விட்டது, தடுமாறும் இடத்தைத் தொட்டதோ ஐந்தே ஐந்து தடவை, அதுவும் ஐந்து தடவையும் தடுமாறித்தான் கடந்திருப்பீர்கள். விரலுக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதை வைத்துக்கொள்ளும். ஆக, தடுமாற்றத்தைத்தான் நீங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு பாட்டை ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத சங்கதிகள் எல்லாம் அப்போது வெளியே வரும். எங்கே தாளம் இழுக்கிறது, எந்தக் கம்பி இரைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இடங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் கார்டில் இல்லை, அந்தக் கார்டுக்குள் நுழைகிற வழியில் இருக்கிறது. அந்தத் துண்டைத் தவறே வராத வேகத்துக்கு இறக்கி, சுற்றிச் சுற்றி வாசியுங்கள். வேகம் வெட்கப்படும் அளவுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒரு விஷயம். ஒரே துண்டை அரை மணி நேரம் அரைக்காதீர்கள். ஐந்து நிமிடம் முதல் துண்டு, ஐந்து நிமிடம் இரண்டாவது, ஐந்து நிமிடம் மூன்றாவது, பிறகு மறுபடி முதல் துண்டு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இப்படிச் செய்தால் அன்றைக்குத் திருப்தி குறைவாகத்தான் இருக்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது போலத் தோன்றும். ஆனால் மறுநாள் கையில் நிற்பது இப்படிச் செய்ததுதான். கற்றல் பற்றி ஆராய்பவர்களும் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முழுப் பாட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆசை தீர வாசித்துக்கொள்ளுங்கள்.

கார்ட் எல்லாம் தனித்தனியாகப் பிடிக்க வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மட்டும் பாட்டு நின்றுவிடுகிறது. குறிப்பாக சி-யிலிருந்து ஜி.

ஆரம்பக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது, இதற்கென்றே நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டே இரண்டு கார்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை தடவை மாறுகிறீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீட்டல் போதும். முதல் நாள் பதினைந்து வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு அறுபதை நெருங்கும்போது அந்த மாற்றம் எந்தப் பாட்டிலும் உங்களை நிறுத்தாது. தினமும் மூன்று ஜோடிகள், மூன்றே நிமிடம்.

ஆனால் எண்ணுவதற்கு முன்னால் விரல்கள் எந்த வழியாகப் போகின்றன என்று கண்ணால் பாருங்கள். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம், மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியை விட்டு மூன்றாம் கம்பிக்கு வந்தால் முடிந்தது. நிறையப் பேர் மூன்று விரலையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறார்கள். ஏ மைனரிலிருந்து இ-க்கு என்றால் அதே வடிவம் ஒரு கம்பி மேலே நகர்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் சி – ஜி விவகாரத்தில், ஜி-யை எந்த விரல்களால் பிடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல் என்று பிடித்துப் பாருங்கள். சி-யில் நடுவிரலும் மோதிர விரலும் எந்தக் கோணத்தில் இருந்தனவோ அதே கோணத்திலேயே ஆளுக்கு ஒரு கம்பி நகர்கின்றன. சுண்டுவிரல் முதல் வாரம் மக்கர் பண்ணும், பண்ணட்டும்.

வலக்கைக்கு ஒரே விதி: நிற்கக் கூடாது. இடக்கை போய்ச் சேரவில்லை என்றாலும் மீட்டுகிற கை தன் போக்கில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பாதி கார்டும் திறந்த கம்பியும் கலந்து அசிங்கமாக ஒலிக்கட்டும். வலக்கை காத்திருந்தால் இடக்கை எப்போதும் தாமதமாகத்தான் வரும். வலக்கை காத்திருக்காது என்று தெரிந்துவிட்டால் இடக்கை தானாகவே முன்கூட்டிக் கிளம்பக் கற்றுக்கொள்கிறது.

எஃப் கார்ட். இதற்கு மேல் என்ன சொல்ல?

சொல்லத் தேவையில்லை, புரிகிறது. எஃப் கஷ்டமாக இருப்பதற்கு உங்கள் கை மட்டும் காரணம் இல்லை. முதல் ஃப்ரெட் கிட்டார் தலைக்குக் கீழே கம்பிகள் தாங்கி நிற்கிற நட்டை ஒட்டி இருப்பதால் அங்கே கம்பி கொஞ்சமும் வளைந்து கொடுக்காது. போதாததற்கு ஃப்ரெட்டும் அங்கேதான் அகலம். 650 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் இடைவெளி சுமார் 36 மில்லிமீட்டர், ஐந்தாவது சுமார் 29 மில்லிமீட்டர். ஆக, ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைக்கிற பார் கார்டைக் கற்றுக்கொள்ள இருப்பதிலேயே மோசமான இடத்தில் எல்லோரையும் உட்கார வைக்கிறோம்.

அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள், அங்கே அது ஏ மேஜர். அங்கே சுத்தமாக ஒலித்த பிறகு நான்கு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஒன்றுக்கு வர சில வாரம் ஆகும்.

ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டும் என்பது ஒரு பிரமை. இந்த வடிவத்தில் ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் அழுத்திவிடுகின்றன, ஆள்காட்டி விரலுக்கு உண்மையான வேலை ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளில் மட்டும்தான். விரலின் சதைப்பகுதியை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி எலும்பு உள்ள ஓரத்தை வையுங்கள். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முழங்கையை உடம்பை ஒட்டி விட்டு, கிள்ளுகிற மாதிரி இல்லாமல் கையின் கனத்தால் பின்னோக்கி இழுங்கள். கட்டைவிரல் களைத்துப்போகிறது என்றால் கிள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இத்தனையும் செய்தும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் வரவே இல்லை, இரண்டாவதில் வருகிறது என்றால், கிட்டார் பழுது பார்ப்பவரிடம் நட்டின் உயரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பள்ளங்கள் ஆழம் குறைவாக வெட்டப்பட்ட கிட்டார்கள் ஏராளம். அதுவரை பாட்டில் மெல்லிய நான்கு கம்பி மட்டும் உள்ள சின்ன எஃப் போதும், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

எங்கே பார்த்தாலும் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று விரல்களை வரிசையாக வைக்கும் பயிற்சியைச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே உதவுமா? தினமும் அரை மணி நேரம் செய்கிறேன், சலிப்பாக இருக்கிறது.

அரை மணி நேரமா! ஐந்து நிமிடம் போதும். டிவி பார்த்துக்கொண்டே இதைச் செய்பவர்களும் உண்டு, அது சுத்தமாக வீண். விரல்களை ஓட்டுவதில் பெரிய பலன் இல்லை, ஓடும்போது எதைக் கவனிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அழுத்தம். ஒரு விரலைக் கம்பியின் மேல் சும்மா வையுங்கள், மீட்டினால் டொக்கென்று மழுங்கிய சத்தம் வரும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், முதலில் இரைச்சல், பிறகு ஒரு கட்டத்தில் சுத்தமான நாதம். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போடுகிற பலம் முழுக்க விரயம். பெரும்பாலானோர் தேவைக்கு மேல் வெகுவாக அழுத்துகிறார்கள், அதனால்தான் சீக்கிரம் களைக்கிறார்கள், மெதுவாகவும் நகர்கிறார்கள். நான்கு விரலுக்கும் தனித்தனியாக இதைச் செய்து பாருங்கள். நான் ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து, வேலை முடிந்த விரல் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பாருங்கள். கம்பியை விட்டு அரை அங்குலத்துக்கு மேல் பறந்தால் திரும்பி வர நேரம் ஆகும்.

ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு சுலபமாகிவிட்டது என்றால் வரிசையை மாற்றுங்கள். நான்கு விரலை 24 விதமாக அடுக்கலாம், நாளுக்கு இரண்டு எடுத்தால் பன்னிரண்டு நாளைக்குச் சலிப்பு இல்லை. மூன்றும் நான்கும் அடுத்தடுத்து வருகிறவை கடினமாக இருக்கும். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிற தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அவை ஒன்றை ஒன்று இழுக்கத்தான் செய்யும். முழுச் சுதந்திரம் யாருக்கும் கிடைப்பதில்லை, அதை எதிர்பார்த்துக் கையைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

மெட்ரோனோம் வைத்தால் எனக்கு வாசிக்கவே வருவதில்லை. அது இல்லாமல் நன்றாக வருகிறது.

இல்லாமல் நன்றாக வருவதாகத் தோன்றுகிறது. சீராக டிக் டிக் என்று தாளம் காட்டும் அந்தக் கருவிக்கு மெல்ட்செல் என்பவர் காப்புரிமை வாங்கியது 1815-இல், அன்றிலிருந்தே கற்றுக்கொள்பவர்கள் அதைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை அதிகமாகிவிடுகிறது. இடக்கைக்கு விடுமுறை கொடுங்கள். விரல்களைக் கம்பிகளின் மேல் லேசாகப் படர வைத்து ஒலியை அடக்கிவிட்டு, வலக்கையால் மட்டும் 60 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 60 டிக், மீட்டுங்கள். ஒரு டிக்குக்கு ஒரு கீழ்வீச்சு. பிறகு ஒரு டிக்குக்குக் கீழ் ஒன்று மேல் ஒன்று. பிறகு மூன்று, பிறகு நான்கு. வேகத்தைத் தொடாமல் ஒரே டிக்கை இப்படிப் பலவிதமாகக் கூறுபோடத் தெரிந்தால் தாளத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்தது. டிக் சத்தமே காதில் விழாமல் உங்கள் மீட்டலுக்குள் மறைந்துபோனால் சரியாக விழுகிறீர்கள்.

அது பழகிய பிறகு, மெட்ரோனோமை நம்பாமல் இருக்கவும் பழக வேண்டும். 50 வேகத்தில் வைத்து, அந்த டிக்குகளை இரண்டாவது, நான்காவது அடிகளாக எண்ணிக்கொண்டு 100 வேகத்தில் வாசியுங்கள். ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு. முதலில் தலை சுற்றும்.

வேகம் கூட்டுவது பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். நாலு நாலாகக் கூட்டிக்கொண்டே போவது நல்ல முறைதான், ஆனால் அது மட்டும் போதாது. மெதுவாக வாசிக்கும்போது கை செய்கிற அசைவும் வேகமாக வாசிக்கும்போது செய்கிற அசைவும் ஒன்றல்ல, வேகத்தில் பிக்கின், அதாவது மீட்டப் பிடிக்கிற சின்ன வில்லையின், முனை கம்பியைத் தாண்டி அதிக தூரம் போக நேரமே இருக்காது. அதனால் நடுநடுவே நான்கே நான்கு ஸ்வரத்தை எட்ட வேண்டிய வேகத்தில் சட்டென்று வாசித்து நிறுத்துங்கள். மூச்சு விடுங்கள். மறுபடி நான்கு. அது இறுக்கமில்லாமல் வந்தால் ஐந்து, ஆறு என்று நீட்டுங்கள். தோள் தூக்கிக்கொள்கிறது, பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பென்டடானிக் என்கிற ஐந்து ஸ்வர ஸ்கேல் ஐந்து இடத்திலும் மனப்பாடம். மேலே போய்க் கீழே வருவேன். ஆனால் மனதில் ஓடுகிற ஒரு மெட்டை வாசிக்கச் சொன்னால் முழிக்கிறேன்.

ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டினால் அதை ஓட்டுவதில்தான் தேர்ச்சி வரும். எந்த மெட்டு அப்படி வரிசையாகப் படியேறுகிறது?

முதலில் வரிசையை உடையுங்கள். ஏ மைனர் பென்டடானிக் என்றால் ஏ, சி, டி, இ, ஜி. அதை மூன்று மூன்றாக வாசியுங்கள்: ஏ-சி-டி, சி-டி-இ, டி-இ-ஜி என்று. பிறகு ஒன்று விட்டு ஒன்று தாவுங்கள். இதுவும் விரல்களுக்கான வேலைதான், ஆனால் பழைய தடத்தை விட்டு வெளியே கொண்டுவரும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது காதுக்கான பயிற்சி. ஒரே ஒரு கம்பியை எடுங்கள். இரண்டாம் கம்பியில் திறந்த ஒலி, பிறகு 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய ஃப்ரெட்டுகள், இவை எல்லாம் சி மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள். அந்த ஒரு கம்பியில் மட்டும், தாலாட்டு மாதிரி மிக எளிமையான ஒரு மெட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரே கம்பியில் ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம் கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தெரியும், அதனால் காது சொல்வதைக் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தேடும்போது ஒரு கட்டுப்பாடு: அடுத்த ஸ்வரத்தை வாயால் முனகிவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. முனகியதும் விழுந்ததும் ஒன்றாக இருந்தால் சரி, இல்லையென்றால் மேலேயா கீழேயா என்று காதைக் கேளுங்கள். நாளைக்கு ஒரு வரி போதும். ஒரு மாதத்தில் தேடுகிற நேரம் குறைவதை நீங்களே பார்க்கலாம்.

எலக்ட்ரிக் கிட்டார் என்றால் கம்பியை வளைப்பதற்கும் இதையே செய்யுங்கள். இரண்டாம் கம்பி பத்தாம் ஃப்ரெட்டை வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, எட்டாம் ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் இரண்டு விரலை முட்டுக்கொடுத்து, அந்த ஒலி வரும்வரை தள்ளுங்கள். கொஞ்சம் குறைந்து நின்றால் கேட்பவர் முகம் சுளிப்பார்.

பிக் இல்லாமல் விரல்களால் மீட்டுகிற ஃபிங்கர்பிக்கிங்குக்கு ஏதாவது சுலபமான பயிற்சி?

இத்தாலியக் கலைஞர் மாரோ ஜூலியானி 1812-இல் வெளியிட்ட வலக்கைப் பயிற்சிகள் 120 உண்டு. இடக்கைக்கு சி, ஜி7 என்று இரண்டே கார்ட்தான். வலக்கை மேல் முழுக் கவனமும் இருக்கட்டும் என்பதற்காக இடக்கை வேலையை அவ்வளவு குறைத்திருக்கிறார். அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் தடித்த மூன்று கம்பிகளுக்கு, ஆள்காட்டி மூன்றாவதுக்கு, நடுவிரல் இரண்டாவதுக்கு, மோதிர விரல் முதலாவதுக்கு. கட்டை – ஆள்காட்டி – நடு – மோதிரம் – நடு – ஆள்காட்டி என்று சுற்றுங்கள். நான்கு விரலின் சத்தமும் ஒரே அளவில் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். மோதிர விரல் மெலிந்து ஒலிக்கும், அதை வேண்டுமென்றே உரக்க வாசித்துச் சில சுற்று போங்கள்.

என் விரல்கள் குட்டை. வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. பயிற்சியால் இதைச் சரிக்கட்ட முடியுமா?

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞருக்கு 1928-இல் நடந்த தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் செயலிழந்தன. அதற்குப் பிறகு தனி ஆவர்த்தனங்களைப் பெரும்பாலும் இரண்டு விரல்களால் வாசித்துத்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். குட்டை விரலுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவில் இறக்கி வைத்தால் எட்டுகிற தூரம் கணிசமாகக் கூடும். நாற்பதுக்கு மேல் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வரும்.

விரல் நுனி எரிகிறது. மணிக்கட்டிலும் ஒரு வலி. தாங்கிக்கொண்டு தொடரலாமா?

நுனி எரிச்சல் சில வாரத்தில் தோல் தடித்ததும் போய்விடும், அதைத் தாங்கலாம். அகூஸ்டிக் கிட்டாரில் 12 என்ற தடிமன் எண் உள்ள கம்பி செட் போட்டிருந்தால், அதைவிட மெல்லிய 10-க்கோ 11-க்கோ மாற்றுங்கள். மணிக்கட்டு, முன்கை வலியைத் தாங்கக் கூடாது. மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது இதெல்லாம் வந்தால் அன்றைக்குக் கிட்டாரைக் கீழே வையுங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு வாசித்துத் தேறியவர் யாரும் இல்லை.

பகலில் நேரமே இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் இருபது நிமிடம்தான் கிடைக்கும், அப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

இருபது நிமிடம் தாராளம். வாரத்தில் ஒரே நாள் மூன்று மணி நேரம் உட்காருபவரை விட நீங்கள் முன்னால் போவீர்கள். கம்பிகளுக்கு அடியில், அவை கிட்டார் உடலில் போய் முடிகிற பிரிட்ஜை ஒட்டி, மடித்த கைக்குட்டை ஒன்றைச் செருகுங்கள், சத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எலக்ட்ரிக் என்றால் ஆம்ப்ளிஃபயரில் சொருகாமலே வாசிக்கலாம். கார்ட் மாற்றம், விரல் வரிசை, தாளம் எல்லாம் இப்படியே நடக்கும். கையில் கிட்டாரே இல்லாமலும் ஒன்று செய்யலாம்: ஒரு ஸ்வரம் ஆறு கம்பியிலும் எங்கெங்கே இருக்கிறது என்று மனதில் தேடுவது. சி என்றால் ஆறாம் கம்பியில் 8, ஐந்தில் 3, நான்கில் 10, மூன்றில் 5, இரண்டில் 1, ஒன்றில் 8. பேருந்தில்கூட ஓட்டிப் பார்க்கலாம். துணி போட்ட கிட்டாரில் ஒன்று மட்டும் முடியாது, எந்தக் கம்பி இரைகிறது என்று கேட்க முடியாது. அதற்கு விடுமுறை நாள் பகலில் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.